மாரியாத்தாளிடம் நான் கேட்ட இரண்டு

ஆத்தாளை நம்பும் அக்கா தங்கச்சிகளுக்கு, ஆமத்தூர் பேச்சியம்மாள் சொல்வது.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர் மும்முரத்தில், என் மகள் செல்வியைப் பறிகொடுக்கப் பார்த்தேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருவரும் வேலை பார்க்கிறோம். அங்கே கக்கூஸ் குழி நிரம்பி, குடிதண்ணீர்த் தொட்டிக்குள் கசிந்தது. தண்ணீர் நாறுகிறது என்று போர்மேனிடம் நான்கு முறை சொன்னோம்.

"இஷ்டமிருந்தா குடி, இல்லாட்டி வீட்டுக்குப் போ" என்றார். அவர் மட்டும் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செல்விக்குப் பேதி. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. குரலே எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் சலைன் ஏற்றினார்கள்.

"காலரா மாதிரி இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "கிருமி குடல்ல உக்காந்து விஷத்தைக் கக்குது. உடம்புத் தண்ணியெல்லாம் வடியுது. போன தண்ணியையும் உப்பையும் உடனே திருப்பிக் குடுத்தா பொழச்சுக்கிடுவா. மாத்திரையெல்லாம் அதுக்குப் பொறகுதான்."

வராந்தாவில் உட்கார்ந்து ஆத்தாளிடம் இரண்டு கேட்டேன். என் பிள்ளையைக் கொடு. அந்தத் தண்ணீரைக் கொடுத்தவனை அதே தண்ணீர் முன்னால் நிறுத்து. இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

சாயங்காலம் செல்விக்கு நீர் பிரிந்தது. அப்போதுதான் நர்ஸ் சிரித்தார். உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காக நானே புகட்டினேன். மறுநாள் "பசிக்குதும்மா" என்றாள். அழுதுவிட்டேன்.

பரிசோதனையில் காலராதான் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி கம்பெனிக்கு வந்தார். நானும் போனேன்.

"நல்ல தண்ணி சார். நானும் இதைத்தான் குடிக்கேன்" என்றார் போர்மேன்.

தொட்டியில் ஒரு டம்ளர் மொண்டு அவரிடம் நீட்டினேன். "அப்பக் குடிங்க அண்ணாச்சி."

வாங்கினார். வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார். அதிகாரி எழுதத் தொடங்கினார்.

குடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். ஆத்தாள் பெயரைச் சொல்லிவிட்டு உங்களிடம் நான் பொய் சொல்லக் கூடாது.

தொட்டியை இடித்தார்கள். அவருக்கு வேலை போனது. ஒருநாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் என்னை மறித்தார்.

"எம் பொழப்பைக் கெடுத்துட்டீகளே."

"எம்மக உசுரோட இருக்கா. அதனாலதான் நீ பொழப்புப் போச்சேன்னு மட்டும் அழுறே" என்றேன். இன்றுவரை மனம் இரங்கவில்லை.

முன்பு நான் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். இப்போது புதுத் தொட்டியில் குளோரின் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன். உங்கள் வீட்டில் இப்படிப் பேதி வந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யார் மேலாவது வயிறு எரிந்தால் அதையும் ஆத்தாளிடம் சொல்லுங்கள். அவள் முன்னால் நல்லவள் வேஷம் வேண்டாம். கையில் சூலம் வைத்திருப்பவளுக்கு நம் கோபம் புரியும்.