முப்பது மில்லி முத்துநாயகம்

முப்பது மில்லி என்று என் வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஊரில் யார் யாரோ அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய உண்மையான பெயர் முத்துநாயகம். பூதப்பாண்டியிலிருந்து சுசீந்திரம் வரைக்கும் கல்யாணம், பால்காய்ச்சு, பதினாறாம் நாள் அடியந்திரம் எதுவானாலும் ஆக்குப்புரையில் அடுப்பு மூட்டுகிறவர் அவர்தான். கல்யாண வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்து போடுகிற சமையல் கொட்டகையைத்தான் ஆக்குப்புரை என்போம். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் குடும்பம் நடத்தியது அங்கேதான். வீட்டுக்குத் தூங்க வருவார்.

ஆள் நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தார். வயிறுதான் அவருக்கு விளம்பரப் பலகை. சமையல் பேச வருகிறவர்கள் முதலில் அந்த வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு தேதியைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இவரும் அதைத் தட்டிக் காட்டி, "இது சும்மா வந்ததுல்ல அண்ணாச்சி, ஒவ்வொரு உருளியிலயும் ருசி பாத்து வந்தது" என்பார். பொய் இல்லை. மற்ற சமையல்காரர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார்கள். இவருக்கு ஒரு டம்ளர் நிறைய வேண்டும். பாயாசம் என்றால் இரண்டு.

போன வருஷம் முழங்கால் முட்டு போயிற்று. சுகர் ஏறியது. அடுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றால் மூச்சு வாங்கியது. இப்படியே விட்டால் ஐம்பத்தைந்து வயதைப் பார்க்க மாட்டார் என்று நாகர்கோவிலில் டாக்டர் சொல்லிவிட்டார். இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை மேலே கொண்டுவந்து இணைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். நான் உடனே சரி என்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார், பொறவு எனக்குச் சமைக்க முடியுமா?"

"தாராளமா சமைக்கலாம். சாப்பிடுறதுலதான் கட்டுப்பாடு" என்று டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். உயிர் பிழைத்து வந்து, சமையல் போய்விட்டதென்றால் இந்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவரும்தான் என்ன செய்வார்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கூத்து. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பிள்ளைக்கு சுல்ஃபியா என்று பெயர், ஊர் தேங்காப்பட்டணம். இருமல் மருந்துப் பாட்டிலின் தலையில் கவிழ்த்திருக்கும் சின்ன மூடி போல ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இது முப்பது மில்லி மாமா. இதுல உள்ள வெள்ளத்தைப் பைய பைய, கால் மணிக்கூர் எடுத்துக் குடிக்கணும்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மக்களே, இது எனக்கு உப்பு பாக்கதுக்கே காணாது."

"இப்பம் உங்க இரைப்பையே ஒரு சின்ன மட்டி வாழைப்பழம் அளவுதான் இருக்கு" என்றாள் அவள். அவர் குனிந்து தன் வயிற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் வெறும் தண்ணீர். பிறகு கஞ்சித்தெளிவும் பருப்பு வேகவைத்து வடித்த தண்ணீரும். அப்புறம் மோர், புரோட்டீன் பவுடர் கலக்கிய பால். ஒரு மாதம் போனால்தான் குழையப் பிசைந்த சோறு, அதுவும் இரண்டு ஸ்பூன். சோடா கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, மடமடவென்று குடிக்கக் கூடாது. ஆனால் தண்ணீர்ச்சத்து குறையவும் கூடாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு தடவைகூட ஆசை தீரக் குடிக்கக் கூடாது. இதைவிடப் பெரிய தண்டனையை அவரைப் பிடிக்காதவர்கள்கூட யோசித்திருக்க மாட்டார்கள். கடைசியில் சுல்ஃபியா இன்னொன்றும் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு நாக்கு மாறும், சிலருக்கு இனிப்பும் உப்பும் கூடுதலாகத் தெரியும் என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் கால் மணிக்கொரு தடவை அடிக்கிற மாதிரி போனில் அலாரம் வைத்தேன். அடித்ததும் "முப்பது மில்லீ!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். தெருவுக்கே கேட்டது, பெயரும் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வர மாட்டார்கள். செவ்வாழைக் குலை வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, ஜீரணத்துக்கு நல்லது என்று ஒரு புண்ணியவான் ஒரு பெட்டி பன்னீர் சோடாவே இறக்கிவிட்டுப் போனார். எதையும் அவர் கண்ணில் காட்டாமல் ஒழிக்க வேண்டியிருந்ததால் நானே சாப்பிட்டேன். அவர் எட்டு கிலோ குறைந்தபோது நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன்.

மூன்றாவது வாரம் ரசலையன் வந்தான். இருபது வருஷமாக அவருக்குக் கையாள், ஐம்பது வயது, அவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். கையில் பெரிய பிளாஸ்க்.

"அக்கா, டாக்டரு தண்ணி ஆகாரம்தானே சொல்லியிருக்காரு? அடைப்பிரதமன் பாயாசம் வச்சேன். உள்ள கெடந்த அரிசி அடையெல்லாம் கண்ணாப்பையில அரிச்சு எடுத்துட்டேன். இப்பம் சுத்தத் தண்ணிதான்."

நான் வாயைத் திறந்து திட்டி முடித்து, பிளாஸ்கைப் பிடுங்கி அடுக்களையில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் குருவும் சிஷ்யனும் காரியத்தை முடித்துவிட்டார்கள். அரை டம்ளர், ஒரே மடக்கு. பத்து நிமிஷத்தில் அவருக்கு முகம் வெளுத்தது, வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. கட்டிலில் சாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி வடிவு, நான் போறேன். பெரிய உருளிய ரசலையனுக்குக் குடுத்துரு."

"ஐயோ அண்ணாச்சி, எனக்கு உருளி வேண்டாம்" என்று அவன் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டான்.

நான் சுல்ஃபியாவுக்குப் போன் போட்டேன். "படுக்க வையுங்க மாமி. இனிப்பு சட்டுன்னு குடலுக்குள்ள எறங்கினா இப்படித்தான் செய்யும். அரை மணிக்கூர்ல அடங்கும். அடங்கலேன்னாலோ மயங்கினாலோ உடனே கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். அடங்கியது. அடங்கியதும் நான் தொடங்கினேன். ரசலையன் ஒரு வாரத்துக்கு எங்கள் தெருவில் தலைகாட்டவில்லை.

எனக்கு உண்மையில் பயம் பிடித்தது அதற்கு மறுநாள். கஞ்சித்தெளிவை ஒரு வாய் உறிஞ்சியவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னட்டி இது, உப்பை அள்ளிக் கொட்டியிருக்க? வாயில வைக்க முடியல."

அன்றைக்கு நான் உப்பே போடவில்லை. மறந்துபோயிருந்தேன். அடுக்களைக்குப் போய் மிச்சத்தைக் குடித்துப் பார்த்தேன், வெறும் வெள்ளம் மாதிரி இருந்தது. சாயங்காலம் சீனி போடாத பாலைக் குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றார். ஒரு சமையல்காரனிடம் போய் உன் நாக்கு சரியில்லை என்று எப்படிச் சொல்வது? "கை தவறிட்டு அத்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டேன். என் ஆயுசில் நான் அப்படி ஒத்துக்கொண்டதில்லை, அதனால் அவருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஊர் வேறு சும்மா இருக்குமா? "வயித்த அறுத்த ஆளுக்கு இனி என்னத்த ருசி தெரியும்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. பேசி வைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் வேறு கைக்குப் போயின. மயிலாடியில் சிலை அடிக்கிற ஞானதாசன் ஒருவர்தான், தன் மகள் கல்யாணத்துக்கு முத்துநாயகம் கைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தொள்ளாயிரம் இலை. ஆபரேஷன் முடிந்து பத்தாவது வாரம். கிளம்புகிற அன்றைக்கு வேட்டியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"வடிவு, இது மட்டும் சரியாகலேன்னா நான் இனி வீட்டுலயே இருந்துக்கிடுகேன்."

தண்ணீர் பாட்டிலையும் முப்பது மில்லி மூடியையும் எடுத்துக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன். கூடப் போய் நேரத்துக்குக் குடிக்கவைக்க ஆள் வேண்டுமே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஆக்குப்புரைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அவியல், எரிசேரி, சாம்பார் எல்லாம் ரசலையன் கைப்பழக்கத்தில் நடந்தன. பாயாசம் மட்டும் அவர் யாரையும் தொட விடுவதில்லை. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லம்தான். அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சிலது கரிக்கும், சிலது மண்ணாக இருக்கும், அதனால் தராசில் நிறுத்துப் போடுகிறவன் சமையல்காரனே இல்லை, நாக்குதான் தராசு என்பார்.

அடை வெந்து, தேங்காயின் இரண்டாம் பால் சேர்ந்தாயிற்று. தலைப்பால் விடுவதற்கு முன்னால் சட்டுவத்தின் நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"போதும்லே. சர்க்கரை போதும். தலைப்பாலை எடு."

ரசலையன் தலைப்பாலை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். நான் ஒரு டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தேன். அடை இருந்தது, ஏலம் இருந்தது, சுக்கு மணந்தது. இனிப்பை மட்டும் காணவில்லை.

"அத்தான், இனிப்பு காணாது."

"ஏட்டி, வாயைப் பொத்திக்கிட்டு இரி. பாயாசத்துக்கு இனிப்பு நீ சொல்லித்தரப் போறியா எனக்கு?"

முன்னால் கொட்டகையில் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"அன்னைக்குக் கஞ்சில உப்பை அள்ளிக் கொட்டிட்டேன்னு சத்தம் போட்டீங்கல்லா? அதுல நான் ஒரு கல்லு உப்புகூடப் போடல. பாலுல சீனியும் போடல."

அவர் சட்டுவத்தை இறக்கினார். "லேய் ரசலையா, நீ சொல்லு."

"அண்ணாச்சி..." அவன் சாக்கின் வாயை விரித்துக் காட்டினான். "பாதிச் சர்க்கரை சாக்குலயேதான் கெடக்கு."

அத்தனை பெரிய மனுஷன் விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "அப்பம் என் நாக்கு போச்சா வடிவு?"

அழுதுகொண்டிருக்க நேரமில்லை, தொள்ளாயிரம் பேர் கையைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். "போகல. மாறியிருக்கு. அந்தப் பிள்ளை அன்னைக்கே சொன்னாள்லா? உங்க நாக்கு திரும்பி வாறது வரைக்கும் என் நாக்கு இருக்கு. இருபத்தாறு வருஷம் உங்க பாயாசத்தைக் குடிச்ச நாக்குதானே இதும். எந்திரிங்க."

எழுந்தார். சர்க்கரையைப் பாகு காய்ச்சி அரித்து ஊற்றச் சொன்னார். கிளறினார். ஒரு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே வந்து நின்றார். நான் குடித்துவிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்று கையைக் காட்டினார். என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேய், இன்னும் நாலு சட்டுவம் விடு."

இரண்டாவது டம்ளர். மறுபடியும் அதே பார்வை. "இன்னும் ரெண்டு."

மூன்றாவது டம்ளரை நான் இன்னும் விழுங்கக்கூட இல்லை. "போதும்! தலைப்பாலை விட்டு எறக்குங்கலே!" என்று கத்திவிட்டார். சரியாக இருந்தது. இம்மி கூடவுமில்லை, குறையவுமில்லை.

பந்தியில் மூன்று தடவை பாயாசம் கேட்டு வாங்கினார்கள். ஞானதாசன் ஆக்குப்புரைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது அவர் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.