அணைக்காத கம்ப்யூட்டர்

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் நான் செய்துவந்த ஒரு காரியம் இன்னும் கண்முன் நிற்கிறது. கம்ப்யூட்டரின் திரையை மட்டும் அணைப்பேன். மேஜைக்கடியில் இருக்கும் பெட்டி உள்ளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். அதன் முகப்பில் எரியும் சின்னப் பச்சை விளக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு காலிச் சாக்கை மடித்து முன்னால் சாய்த்து வைப்பேன். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலப் படியிறங்குவேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் காயைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, வடக்கே அனுப்புவார்கள். லாரி கிளம்ப வேண்டுமென்றால் நான் பில் போட்டாக வேண்டும்.

எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். புருஷன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காய் கொண்டுவரும் விவசாயிகளின் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. யாருக்கும் பயப்படாத வாய். முதலாளியிடமே, "காலையில சொன்னது ஒண்ணு, இப்பச் சொல்றது ஒண்ணா இருக்கே, எதை எழுத?" என்று கேட்பாள். என் பச்சை விளக்கை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"ஏண்ணே, இதை அமத்தாமப் போறீங்க? மாடுகூட ராத்திரியில படுத்து எந்திரிக்குது. இதுக்கு மட்டும் தூக்கம் வேணாமா?"

நான் அவளுக்கு ஒரு பெரிய விளக்கம் சொன்னேன். தினமும் அணைத்து அணைத்துப் போட்டால் உள்ளே இருக்கும் சாமான்கள் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து சீக்கிரம் கெட்டுப்போகும். பெரிய ஊர்களில் பெரிய ஆபீஸ்களில் யாரும் அணைப்பதில்லை. ஓடிக்கொண்டே இருப்பதுதான் மிஷினுக்கு ஆரோக்கியம் என்றேன். அவள் விடவில்லை. இடி மின்னல் விழுந்தால் என்ன ஆகும், நாள்பட ஓடினால் மந்தமாகிவிடாதா, கரண்டு பில் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீ குடிக்கிற நேரமெல்லாம் இதே பேச்சு. சிஸ்டம் பழுதுபார்க்க வரும் பையனைக் கேட்டோம். "தினம் ஆஃப் பண்ணணும்னு இல்ல. ஆனா அப்பப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா ஹேங் ஆகித் தொங்கிரும்" என்று இரண்டு பக்கமும் பாதி பாதியாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். முதலாளி, டிகிரி படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று என் பக்கம் சாய்ந்தார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காரணம் இல்லை. உண்மைக் காரணம் வேறு. அதற்கு முந்தைய மழைக்காலத்தில், மலைத் தோட்டம் ஒன்றில் காய் பார்த்துவிட்டு வரும்போது, போடிமெட்டு இறக்கத்தில் மூடுபனிக்குள் எங்கள் கம்பெனி ஜீப் தடுப்புச் சுவரில் மோதியது. எனக்குத் தலையில் அடி. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தேன். தையல் ஆறிவிட்டது, முடியும் வளர்ந்துவிட்டது. பழையதெல்லாம் அப்படியே இருந்தது. எந்தத் தோட்டத்துக் காய் எப்படி இருக்கும், எந்த வியாபாரிக்கு எது பிடிக்கும், எல்லாம் ஞாபகம் இருந்தது. புதிதாக வருவதுதான் தங்கவில்லை. புதிய போன் நம்பர், புதிய ஆளின் பெயர், போன வாரம் மாற்றிய பாஸ்வேர்டு. எங்கள் கம்ப்யூட்டர்களில் மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். அணைத்துவிட்டுப் போட்டால் அது ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிப் பாஸ்வேர்டைக் கேட்கும். நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அணைக்காமலே விட்டால் அது கேட்காது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். எழுதினால் எனக்கு நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மனைவியிடம்கூட, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஆள், பெண்ணைக் காலேஜில் சேர்த்திருக்கிறவன், நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டொரு முறை கரண்டு நெடுநேரம் போய் மிஷின் தானாக அணைந்துபோனபோது, சிஸ்டத்தில் கோளாறு என்று சொல்லி அந்தப் பையனை வரவழைத்துப் புதுப் பாஸ்வேர்டு போட வைத்தேன். அவன் அதை உரக்கச் சொல்லிவிட்டுப் போவான். நான் தலையாட்டுவேன்.

ஒரு கட்டத்தில் தங்கச்சி அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டாள். சாக்கை நான் சாய்த்து வைக்கும்போது பார்ப்பாள், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். என் வாதத்தில் தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காய் அதிகமாக வரும் பருவத்தில் ஒரு நாள். வாசலில் லோடு ஏற்றிய லாரி நிற்கிறது. டிரைவர் ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றுகொண்டு, "சார், வெரசாப் போட்டுக் குடுங்க, நைட்டுக்குள்ள சேலம் தாண்டணும்" என்கிறான். என் கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது. மவுஸை நகர்த்தினால் அம்பு நகரவில்லை. முதலாளியே பையனுக்குப் போன் போட்டார். போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார். "எத்தனை நாளா ரீஸ்டார்ட் பண்ணல? அமத்திட்டுப் போடச் சொல்லுங்க, சரியாகிரும்" என்றான் பையன்.

முதலாளி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமத்தினேன். போட்டேன். வெற்றுக் கட்டம் வந்து நின்றது. பழைய பாஸ்வேர்டு ஒன்றை அடித்தேன், தப்பு என்றது. இன்னொன்றை அடித்தேன், அதுவும் தப்பு. முற்றத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

"என்னப்பா, சொந்தப் பேரு மறந்துபோச்சா?" என்றார் முதலாளி. விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது தங்கச்சி எழுந்து வந்தாள். "தள்ளுங்கண்ணே" என்று குனிந்து நின்றபடியே அடித்தாள். திறந்துகொண்டது. "நேத்து ஒரு கணக்குப் பாக்கணும்னு நான்தான் இதுல பாஸ்வேர்டை மாத்தி வச்சேன். அண்ணன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

முதலாளியின் சிரிப்புப் போய்விட்டது. "அடுத்தவன் சிஸ்டத்துல ஒனக்கு என்னம்மா சோலி? லோடை நிப்பாட்டி வச்சு வேடிக்கை பாக்கவா சம்பளம் குடுக்கிறேன்?" என்று கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததேயில்லை. பையன் எனக்கு உரக்கச் சொன்னதையெல்லாம் எனக்காக அவள் மனதில் வைத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"தங்கச்சி மாத்தல முதலாளி. எனக்குத்தான் நெனப்பு நிக்கல. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் எதுவும் நிக்கிறதில்ல" என்றேன்.

டிரைவர் வெளியே போய்விட்டான். முதலாளி என் தோளில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்த இரக்கத்தைப் பார்க்க முடியாமல் நான் பில்லைப் போட ஆரம்பித்தேன். எல்லாம் சரியாகவே போட்டேன். லாரி போயிற்று.

அத்தோடு முடியவில்லை. முதலாளி அவளைப் பார்த்து, "அப்ப நீ எதுக்கும்மா பொய் சொன்ன? இவன் பாஸ்வேர்டு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஜன்னலுக்கு அப்பால் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கும் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது.

சாயங்காலம் படியிறங்கும் இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள். "உங்களை யாருண்ணே வாயைத் தொறக்கச் சொன்னது? அவரு கத்துனா கத்திட்டுப் போறாரு, நாளைக்கு மறந்துருவாரு. இப்ப நான்ல பொய்க்காரியா நிக்கிறேன்" என்றாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி நிம்மதி என்று அதுவரை எனக்குள் ஓரத்தில் இருந்த எண்ணம் அங்கேயே செத்தது.

மறுவாரம் என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. "கொஞ்சம் ஓய்வா இருப்பா" என்றார் முதலாளி. மூட்டைகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. வருகிறவர்கள் என்னிடம் எதையும் இரண்டு தரம், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்கள். மனைவிக்கும் செய்தி போய்விட்டது. நான் கடைக்குக் கிளம்பினால், வாங்க வேண்டியதைப் போனில் மறுபடி சொன்னாள், அவ்வளவுதான். ஆபீஸில் பேச்சு வேறு மாதிரி நடந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போனால் நின்றுவிடும். சில மாதங்களில் தங்கச்சி வேலையை விட்டுப் போய்விட்டாள். புருஷன் போக வேண்டாமென்று சொல்லிவிட்டானாம் என்றார்கள். என் வாயால் ஒரு குடும்பத்தில் சந்தேகம் விழுந்துவிட்டதே என்று நான் ராசிங்காபுரம் பஸ் வருகிற பக்கமே தலையைத் திருப்பாமல் நடந்தேன்.

அவள் ஊரிலேயே ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்து, ஜனங்களுக்கு ஆன்லைன் வேலைகள் செய்துகொடுக்கிறாள் என்று போன மாதம் தெரிந்தது. என் பி.எஃப். கணக்கில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. போடியிலேயே செய்திருக்கலாம். பஸ் ஏறிப் போனேன். கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, இப்படி உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டாள். கடைப் பலகையில் அவள் பெயருக்குக் கீழே புருஷன் பெயர் இருந்தது. வாசலில் அவனே நின்று, பெரியவர் ஒருவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

"என்னாலதானே நீ வேலையை விட்டுட்டு வந்த" என்றேன். அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது, கூட்டத்துக்கு நடுவில் இப்படித்தான் வெளியே வந்தது.

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. "அந்தப் பேச்சுக்கெல்லாம் நான் பயப்படல. வீட்டுலயும் யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்க அந்தக் குடோன் வாசல்ல சும்மா உக்காந்திருக்கிறதைத் தினமும் தாண்டிப் போக முடியலண்ணே. அதான் வந்துட்டேன்" என்றாள்.

அவளுக்கு நான் கெடுதல் செய்துவிட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ என்னைப் பார்க்கச் சகியாமல் போயிருக்கிறாள். எந்த வெட்கம் பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "பாஸ்வேர்டு போடுங்கண்ணே."

முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். காது சுட்டது. "மறந்துபோச்சு தங்கச்சி" என்றேன். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் தன் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தாள்.

தங்கச்சி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "மறந்துபோச்சுன்னு சொல்றதுக்குத்தான் இங்க ஒரு எடம் வச்சிருக்கானே. இங்க வர்றதுல பாதிப் பேரு இதைத்தான் அமுக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, அதை அமுக்கினாள். "போனைக் கொண்டாங்க. நம்பர் வரும், பாத்துச் சொல்லுங்க."

நம்பர் வந்தது. ஒவ்வொரு எண்ணாக நான் வாசிக்க வாசிக்க, அவள் அடித்தாள்.