அகுவா என்றால் தண்ணீர்

சித்தப்பா மணிலாவிலிருந்து வந்திருந்தார். அங்கே ஸ்பானிஷ் பேசும் ஒரு பெரிய முதலாளியின் கம்பெனியில் கணக்கப்பிள்ளை வேலை என்று கீரமங்கலம் முழுக்கத் தெரியும். இந்தத் தடவை திரும்பும்போது சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

எனக்கு அப்போதே எதற்கெடுத்தாலும் கவலை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டதால் கவலைப்பட நேரமும் நிறைய. போன இடத்தில் தண்ணீருக்கு என்ன சொல்வதென்று மறந்துவிட்டால் சின்னம்மா தாகத்திலேயே செத்துப்போவாளே என்று பயந்து, அவள் சித்தப்பாவிடம் ஸ்பானிஷ் பாடம் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன்.

"பாதி வார்த்தை ஒனக்கு ஏற்கெனவே தெரியும் புள்ள" என்பார் சித்தப்பா. "மேசை அங்கிட்டிருந்து வந்ததுதான், மேசா. கால்ல போடுற சப்பாத்தும் அப்படித்தான், சப்பாத்தோ. நம்ம மாங்கா கப்பலேறிப் போயி மாங்கோன்னு ஆயிருச்சு." மாங்காயே போய்ப் பிழைத்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நம் பேச்சோடு உறவில்லாத வார்த்தைகளைச் செய்து காட்டுவார். லாவா என்றால் கழுவு. லிம்பியா என்றால் துடை. த்ராயே என்றால் கொண்டு வா. ராப்பிதோ என்றால் சீக்கிரம். சொல்லும்போது, அங்கே செஞோரா என்று கூப்பிடும் முதலாளி வீட்டு அம்மாளைப் போலக் குரலை உயர்த்தி, மூக்கால் பேசுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"மெதுவாங்கிறதுக்கு என்னங்க?" என்று ஒருநாள் சின்னம்மா கேட்டாள்.

சித்தப்பா யோசித்தார். "அதக் கேட்டுப் பழக்கமில்லையே புள்ள."

பயணம் நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படித்ததைக் காட்டும் ஆசையில் நான் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அந்த அம்மாள் குரலிலேயே, "அகுவா த்ராயே, ராப்பிதோ" என்றேன்.

சித்தப்பா எழுந்துவிட்டார். சோற்றுக் கையை உதறக்கூட இல்லை. முதுகு வளைய, "சி, செஞோரா" என்றபடி தண்ணீர்ப் பானைப் பக்கம் போனவர், பாதி வழியில்தான் நின்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஏன்டா, கணக்கப்பிள்ளைக்கே மொதலாளியம்மா மேல அம்புட்டுப் பயமா?"

சித்தப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். குழம்பு ஊற்ற வந்த சின்னம்மா மட்டும் கரண்டியோடு நின்றாள். அவள் பார்த்தது அவர் முகத்தை இல்லை. நகமெல்லாம் தேய்ந்து வெளுத்துப்போன விரல்களை.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள். "நான் வரலைங்க. கடலு எனக்கு ஒத்துக்காது. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

சித்தப்பா வற்புறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். எனக்குத்தான் பெரிய நிம்மதி. சின்னம்மா இனித் தாகத்தில் சாகமாட்டாள்.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாரென்று மணிலாவிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சின்னம்மா, "கணக்குல புலிங்க அவுக. மேசைய விட்டு எந்திரிக்கவே விடமாட்டாகளாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

கடலுக்குப் பயந்து கூடப் போகாமல் இருந்துவிட்டோமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தேன்.