ஆய்வுகூடத்துக்கு ஓர் உபயம்

போன மாதம் எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் மைக்ரோவேவ் செத்துப்போனது. உள்ளே என் சோறும் மீன்குழம்பும். ஒருமுறை உறுமியது... விளக்கு அணைந்தது. அவ்வளவுதான்.

புதிதாக ஒன்று வாங்கி வைத்தால் முடிந்தது என்கிறீர்களா? அப்படியானால் நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நோர்வேயில், மலைகளுக்கிடையே கடல் உள்ளே நுழைந்து கிடக்கும் ஃபியோர்டின் அடிச்சேற்றை அள்ளி வந்து, அதில் என்னென்ன விஷம் இருக்கிறது என்று பார்க்கும் அரசாங்க ஆய்வுகூடம் அது. கட்டடம் அரசாங்கத்துடையது. மெஷின்கள் அரசாங்கத்துடையவை. சேறுகூட அரசாங்கச் சேறுதான். ஆனால் நிர்வாகத்தை ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதாவது, என் கதிரை அரசாங்கத்தின் சொத்து. அதில் உட்கார்ந்திருக்கும் நான் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இந்த ஏற்பாடு தொடங்கிய நாளில் கேக் வெட்டினார்கள். கேக் யாருடையது என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். உபகரணமெல்லாம் அரசாங்கத்தின் சொத்து, அங்கே கேளுங்கள் என்றார்கள். அமைச்சுக்கு எழுதினேன். அன்றாட விஷயங்களை நிர்வாகம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். சோற்றைச் சூடாக்குவது சொத்தா, நிர்வாகமா? இதைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் வைப்பதாக முடிவாகியது. அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறிக்க இன்னொரு கூட்டம்.

அவசரம் யாருக்கு? நோர்வேக்காரர் மத்தியானத்தில் சாப்பிடுவது வீட்டிலிருந்து பேப்பரில் சுற்றி வரும் குளிர்ந்த பாண். மேலே ஒரு துண்டு பிறவுன் சீஸ். மைக்ரோவேவுக்குத் துக்கம் காத்தது இரண்டே பேர் — நானும், திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் சரவணனும்.

தேங்காய்ப்பால் விட்ட குழம்பு ஆறினால் எப்படியிருக்கும் தெரியுமா? மெழுகு. தினமும் மெழுகைத் தின்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. சரவணனுக்கோ பொறுமையே போய்விட்டது.

"அக்கா, சேறு காயவைக்கிற ஓவன்ல ஒரு ஓரமா டப்பாவ வெச்சா என்ன?"

"விஷம் பாக்கிற ஓவனுக்கையோ? நீர் முதல்லை கையை எடும்."

"திட்டும்போதுகூட 'நீர்'னு மரியாதை. உங்க ஊர்க்காரங்களால மட்டும்தான் முடியும்" என்றான்.

அன்று பின்னேரம், நான் குடியிருக்கும் ரொம்சோஸுக்குத் திரும்பும் மெட்ரோவில் யோசித்தேன். சொத்து ஒருவருக்கு, நிர்வாகம் இன்னொருவருக்கு... இது நமக்கென்ன புதிதா? நம் கோயில்களில் பாதியின் வரலாறே இதுதானே? தர்மகர்த்தாவும் நிர்வாக சபையும் முகம் கொடுத்துப் பேசாத கோயிலிலும் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. எப்படி? உபயம்.

சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய் ஒரு மைக்ரோவேவ் வாங்கினேன். திங்கள் காலை கொண்டுபோய் வைத்து, கதவில் ஸ்டிக்கரும் ஒட்டினேன். 'உபயம்: மலர், ரொம்சோஸ்.' தமிழிலும் நோர்வேஜியனிலும்.

எங்கள் பொறுப்பாளர் கிறிஸ்டீன் வந்து நெடுநேரம் பார்த்தாள். "அப்படியென்றால் இது இப்போது யாருடையது?"

"கோயில் முறைப்படி, கடவுளுடையது."

"இங்கே கடவுள் யார்? அமைச்சா, பல்கலைக்கழகமா?"

அவள் பகிடி விடவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த நாட்டில் பல்லைப் பார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒருவர் வந்து வயரைப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், வாசனை பிடித்தார். கூட்டத்தில் முடிவாகும்வரை பாவிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா? உபயமாகக் கொடுத்த பொருளை எத்தனை பேர் பாவிக்கிறார்களோ, கொடுத்தவருக்கு அத்தனை புண்ணியம் என்று கிறிஸ்டீனிடம் பெருமையடித்து வைத்தேன். புண்ணியம் என்றால் என்ன என்பதையும் விளக்கினேன். அவள் எல்லோருக்கும் ஈமெயில் போட்டுவிட்டாள்.

நோர்வேக்காரர் நல்லவர்கள். என்மேல் பாசமும் உண்டு. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டறையில் நீண்ட வரிசை. பாணைச் சூடாக்குகிறார்கள். பிறவுன் சீஸ் உருகித் தட்டெல்லாம் வழிகிறது. ஒருவர் யோகர்ட்டை உள்ளே வைத்தார். "மலர், இது உனக்காக" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். கூட்டத்துக்கு வந்திருந்த அமைச்சு அதிகாரி எனக்கு முன்னால். பல்கலைக்கழகத்து அம்மையார் அவருக்கு முன்னால். இருவர் கையிலும் ஆளுக்கொரு வாஃபிள்.

என் முறை வருவதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. ஆறின சோற்றைக் கரண்டியால் குத்தினேன். எரிச்சல்தான். ஆனால் எனக்காக ஒரு மனிதர் சூடான யோகர்ட் குடிக்கும்போது யாரைத்தான் திட்டுவது?

பக்கத்தில், குளிர்ந்த சாம்பார் சாதத்தோடு சரவணன்.

"அக்கா, புண்ணியம் போதும். சீக்கிரமா ஏதாவது ஒரு பாவம் பண்ணி இந்த வரிசையக் குறைங்க."