மாடி ரூமுக்குள் முதல் ஆள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த மறுவாரம், புதுவாயலில் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போன பிறகு நானும் என் மகளும் அந்த வீட்டின் பின்பக்கப் போர்ஷனில்தான் இருக்கிறோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் எனக்கு வேலை.

எங்கள் லைனுக்குப் புது மெஷின் வந்தபோது, கற்றுக்கொடுக்க வியட்நாமிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்னப் பையனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் துரும்பாக இளைத்துப்போனாள். பார்க்கச் சகிக்காமல் அண்ணியிடம் பேசி, காலியாக இருந்த மாடி ரூமில் அவளைக் குடிவைத்தேன். அரைகுறை இங்கிலீஷ், போனில் மொழிபெயர்க்கிற ஆப், கைஜாடை என்று எங்கள் பேச்சு ஓடியது. தமிழில் அவள் முதலில் கற்றுக்கொண்டது 'அக்கா'. அடுத்தது 'காரம் வேணாம்'.

அவர்கள் ஊர்ப் புத்தாண்டு அந்தத் தை மாசத்திலேயே வந்தது. நமக்குப் பொங்கல் மாதிரி அவர்களுக்கு அது. ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அழுதுகொண்டு உட்காருவாள் என்று நினைத்தேன். அவளோ இங்கேயே கொண்டாடியே தீருவது என்று கிளம்பிவிட்டாள். ரூமைக் கழுவித் தள்ளினாள். மஞ்சள் பூ வேண்டுமாம்; சாமந்தி வாங்கி வாட்டர் பாட்டிலில் வைத்தாள். அரிசியையும் பயத்தம்பருப்பையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி அரை நாள் வேகவைத்தாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கேஸ் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் வந்து போனை நீட்டினாள். புது வருஷத்தன்று வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிற ஆளைப் பொறுத்துத்தான் அந்த வருஷமே அமையும் என்பது அவர்கள் நம்பிக்கையாம். அதனால் யாரோ ஒருவர் நுழைந்துவிடாமல், யோசித்து ஓர் ஆளை முன்னதாகவே கூப்பிட்டு வைப்பார்களாம். நாளைக்குக் காலையில் நீங்கள் வர வேண்டும் என்று எழுதியிருந்தது.

நானா? புருஷனை இழந்தவள் எதிரே வந்தால், திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர் நம்முடையது. அவளுக்கு எங்கே தெரியும்? அதற்கு முந்தின ஆவணியில்தான் மணவாள நகரில் என் அக்கா மகனின் கிரகப்பிரவேசம் நடந்தது. எல்லாரும் உள்ளே போன பிறகு நீ வந்தால் போதும் என்று கூடப்பிறந்த அக்காவே காதோடு சொன்னாள். நானும் வெளியே நின்றேன். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. இப்போது இவள் பையனுக்கு ஒரு ஜுரம் வந்தாலும் என் கால் ராசிதான் என்று என் மனசே என்னைக் கொல்லுமே!

எனக்குப் புருஷன் இல்லை, எங்கள் பக்கம் என்னைப் போன்றவர்கள் முதலில் நுழைவதில்லை என்று போனில் சொன்னேன். இந்த வருஷம் இறந்தாரா என்று கேட்டாள். அவர்கள் ஊரில் சாவு நடந்த வருஷத்தில் மட்டும்தான் விலக்காம். இல்லை, பல வருஷம் ஆகிறது என்றேன். அதற்கென்ன என்பதுபோல் கையை விரித்தாள். நீங்கள் தனியாகவே மகளை நர்சிங் படிக்க வைக்கிறீர்கள், லைனில் யாரோடும் சண்டை இல்லை, இப்படி ஓர் ஆள்தான் வர வேண்டும் என்று தட்டித் தட்டி எழுதிக் காட்டினாள். கடைசியில் வாயாலேயே சொன்னாள்: "அக்கா வா. வேற ஆள் வேணாம்."

மறுநாள் ஞாயிறு. குளித்துவிட்டு, போவதா வேண்டாமா என்று மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். விஷயம் தெரிந்து அண்ணி வந்துவிட்டாள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் இட்லி, வெங்காயச் சட்னியோடு நாஷ்டா தட்டு.

"நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு நிக்கிற? சுமங்கலி நான் இருக்கேன்ல, நான் போய் காலு வக்கிறேன்."

அண்ணி கெட்டவள் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. அண்ணி பாதிப் படி ஏறிவிட்டாள். மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பெண் வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நில்லுங்க. அவ என்னியத்தான் கூப்ட்டா. நான்தான் போவேன்."

"அவளோட பச்சப் புள்ளைக்கு ஏதாவது ஆயிட்சின்னா?"

எனக்கும் அதே பயம்தான். இருந்தாலும் அண்ணியைத் தாண்டி ஏறினேன். வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். அந்தப் பெண் எழுந்து நின்று, குனிந்து கும்பிட்டாள். அப்புறம் நானே அண்ணியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன். மூன்று பேருமாக இலைப் பொட்டலத்தைப் பிரித்தால், நம் ஊர் அரிசி ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணியின் வெங்காயச் சட்னிதான் காப்பாற்றியது.

வேலை முடிந்து சித்திரையில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஆடியில் போன் வந்தது. பையன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். என்னால்தான், நான் வந்திருக்கக் கூடாது என்று அழுதேன். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அதட்டினாள்: "அக்கா இல்ல! கொசு! கொசு!"

பையன் பிழைத்து எழுந்தான். அடுத்த புத்தாண்டன்று காலையில் வீடியோ காலில் வந்தாள். அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். ஏன் வெளியே நிற்கிறாய் என்று கேட்டேன். அவளோ போனை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி உள்ளே நடந்தாள். உள்ளே அவள் அம்மாவும் பையனும் என் முகத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

காலுக்கு ராசி உண்டா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பின்பும் ஒருத்தி என்னை அத்தனை நம்பி அழைத்த பிறகு, கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைய நான் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை.