சந்தைப் பிரெஞ்சில் சமநிலை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு ஓகஸ்ட் மாதம். வகுப்புகள் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, மொன்றியலின் வடக்கிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கட்டடப் பொறியியல் கற்பிக்கும் ஆசிரியை பிரசவ விடுமுறையில் போகிறார், ஒரு தவணைக்கு மட்டும் வர முடியுமா என்று கேட்டார்கள். நான் அப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இதே பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சில வருடங்கள் கற்பித்தவள். இங்கே பிரெஞ்சில் கற்பிக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் நான் படித்த பிரெஞ்சு, மருத்துவரிடம் தலையிடி என்று சொல்லத்தான் போதும். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் வகுப்பு உத்திரத்தைப் பற்றியது. இரண்டு சுவர்களின் மேல் கிடையாகக் கிடந்து பாரம் தாங்குகிற உத்திரத்துக்குப் பிரெஞ்சில் ‘பூத்ர்’ என்று பெயர். அதிலுள்ள ‘த’வை அழுத்திச் சொல்ல வேண்டும். மென்மையாகச் சொன்னால் அது தூள் என்று பொருள்படும் இன்னொரு சொல்லாகிவிடும். நான் மென்மையாகவே சொன்னேன். ஒரு மணி நேரம் முழுக்க, நீளமான தூளின் நடுவில் பாரம் ஏற்றினால் தூள் எப்படி வளையும் என்று விளக்கினேன். பின்வரிசையில் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்த இளைஞன் கையை உயர்த்தி, “மதாம், எந்தத் தூள்? முகத்துக்குப் போடுகிறதா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

என் கணவர் எனக்குப் பல வருடம் முன்பே மொன்றியலுக்கு வந்தவர். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். அவருடைய பிரெஞ்சு முழுக்க முழுக்கச் சந்தையில் கற்றது. அன்று மாலை அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் பாப்பம்.”

சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நீர் பவுடரைப் பற்றியெல்லோ படிப்பிச்சிருக்கிறீர்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

மூன்றாவது கிழமை துறைத்தலைவர் தன் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார்.

“சில மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். உங்களுக்குப் பாடம் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்கள் பேசுவது பிடிபடவில்லை என்கிறார்கள். வேண்டுமானால் ஆய்வுகூட வகுப்புகளை மட்டும் நீங்கள் எடுங்கள். விரிவுரையை வேறொருவருக்குக் கொடுக்கிறேன்.”

அவர் எனக்கு உதவி செய்யத்தான் நினைத்தார். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒதுங்கிப் போவதற்காக நான் பிஸ்கட் தொழிற்சாலையை விட்டு வரவில்லை.

“இடைத்தவணைப் பரீட்சை வரைக்கும் பொறுங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் நானே விட்டுவிடுகிறேன்” என்றேன். அவர் தலையசைத்தார்.

அதன்பிறகு எங்கள் சமையலறைதான் ஒத்திகைக் கூடம். அடுத்த நாள் நடத்தப்போகும் பாடத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மார்க்கரால் வரைந்து, பிரெஞ்சில் விளக்குவேன். சந்தையால் வந்து கை கழுவிய கையோடு அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். அவர் பொறியியல் படித்தவரல்ல. புரியாவிட்டால் விடவும் மாட்டார்.

“இந்த அம்புக்குறி என்ன?”

“உத்திரத்தில இருக்கிற பாரம்.”

“கீழ பாத்த மாதிரி மட்டும் போட்டிருக்கிறீர். அப்ப அதை ஆர் தாங்கிறது?”

“சுவர் தாங்குது. அது மேல்நோக்கித் தள்ளும். அதைப் பேந்துதான் சொல்லுவன்.”

“ஏன் பேந்து? எனக்கு இப்பவே கேள்வி வந்திட்டுது. அவையளுக்கும் வரும்தானே.”

நான் பாடத்தின் வரிசையை மாற்றினேன். இன்னொரு நாள் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இஞ்ச பாரும், புத்தகத்தில இருக்கிற மாதிரிக் கதைச்சா ஒருத்தரும் கேக்கமாட்டினம். முன்னால நிக்கிற ஆளிட்ட சாமான் விக்கிற மாதிரிக் கதையும்.”

“நான் வியாபாரம் செய்யேல்லை.”

“ஓம், தெரியும். ஆனா வாங்க வேண்டியது அவையள்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் வாடிக்கையாளர்களோடு பேசும் சின்னச் சின்ன வசனங்களை அவரிடமிருந்து கேட்டுக்கொண்டேன். அவை நாக்கில் சுலபமாக உட்கார்ந்தன.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, கரும்பலகையில் உத்திரம் ஒன்றை வரைந்து, அதில் என்னென்ன பாரம் இறங்குகிறது என்று கேட்டேன். யாரோ, “அதன் சொந்த எடை” என்றார்கள். அம்புக்குறி போட்டேன். அடுத்து வேறு பாரங்களைக் கேட்க வேண்டும். தயாரித்து வைத்திருந்த நீண்ட வசனம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது வேறொன்று.

“அவெக் ஸா?”

தக்காளியை நிறுத்துப் பையில் போட்ட கையோடு வியாபாரி கேட்கிற கேள்வி அது. அதோடு வேறென்ன தரட்டும் என்று அர்த்தம். வகுப்பில் சிரிப்பு வெடித்தது. இந்த முறை ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

முன்வரிசையில் என் வயதுடைய ஒரு பெண் இருந்தாள். ஹெயிட்டியில் பிறந்தவள். மொன்றியல்-நோர் பகுதியில் இரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தாள். துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டுப் படிக்க வந்தவள். அவள் கடை முன்னால் நிற்பவள்போலக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் பனி போடுங்கள், மதாம். இந்த ஊர்க் கூரையில் பனி இல்லாமலா?” என்றாள்.

பனிக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். “அவெக் ஸா?”

“ஓடுகள்.” “கூரையில் ஏறி வேலை செய்கிறவர்கள்.” ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே, “சுவர் மேலே தள்ளுகிறதே, அதையும் போடுங்கள்” என்றாள்.

தொப்பிக்காரன் பின்னாலிருந்து கேட்டான். “எல்லாம் சேர்த்து எவ்வளவு, மதாம்?”

“பூச்சியம்” என்றேன்.

“இவ்வளவு வாங்கியுமா?”

“இறங்குகிற பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் சுவர்களும் தள்ளும். கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் கூரை ஒரு இடத்தில் நிற்காது.”

அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினான். சமநிலை என்பதைப் பலமுறை சமன்பாடாக எழுதியிருக்கிறேன். அது ஒரு வகுப்புக்குள் போய்ச் சேர்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இடைத்தவணைக்கு முன் துறைத்தலைவர் ஒருநாள் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பதற்றத்தில் எனக்கு மறுபடியும் உத்திரம் தூளாகிவிட்டது. தொப்பிக்காரன் தலை நிமிராமலே சரியான சொல்லைச் சொன்னான். நான் திருத்திச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் துறைத்தலைவர், “விரிவுரை உங்களிடமே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பரீட்சையில் பெரும்பாலானோர் தேறினார்கள். தேறாதவர்களில் அந்த ஹெயிட்டிப் பெண்ணும் ஒருத்தி. களஞ்சியத்தில் சனி, ஞாயிறும் வேலை, படிக்க நேரமில்லை என்றாள்.

“நான் திரும்பக் களஞ்சியத்துக்கே போய்விடலாமோ என்று யோசிக்கிறேன்.”

“உங்கள் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வருவார்கள்?”

“மூன்றரைக்கு.”

“எனக்கு ஒன்றரைக்கு வகுப்பு முடியும். செவ்வாயும் வியாழனும் என் அறைக்கு வாருங்கள். நீங்கள் கணக்கைச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன். பதிலுக்கு என் பிரெஞ்சைத் திருத்துங்கள்.”

அவள் வந்தாள். கிறிஸ்மஸுக்கு முன்னான இறுதிப் பரீட்சையில் நல்ல புள்ளிகளோடு தேறினாள். பெறுபேற்றைப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் நின்று கேட்டாள்.

“குளிர்காலத் தவணையில் எந்தப் பாடம் எடுக்கிறீர்கள்? அந்த வகுப்பில் நான் பதிய வேண்டும்.”

“என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது” என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி நடந்தாள். பின்னர் தெரிந்தது, நேரே துறைத்தலைவரின் அறைக்குத்தான் போயிருக்கிறாள். தனியாகவும் போகவில்லை, வகுப்பில் சிலரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

விடுமுறை தொடங்கிய அன்று துறைத்தலைவர் தொலைபேசியில் பேசினார். குளிர்காலத்தில் கொங்கிரீட் பாடத்துக்கு இன்னொரு பிரிவு திறக்கிறார்களாம். கணவர் வெளியே போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் சொன்னேன்.

“கொங்கிரீட் படிப்பிக்கக் கேக்கினம்.”

“பிறகென்ன, ஓமெண்டு சொல்லும். நான் போய் வெங்காயம் வாங்கியாறன்.”

ஓம் என்றேன். பிறகு அதைப் பிரெஞ்சில் சொன்னேன்.