எலுமிச்சம்பழம் நசுங்கும் வரை

பழைய எஞ்சினைத் திறப்பவனுக்கு இரண்டு பொய்கள் ஒரே சமயத்தில் தெரியவரும்: காரை விற்றவர் சொன்னது ஒன்று, வாங்கியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இன்னொன்று. தையல்காரர், பல் வைத்தியர், ஏர்கான் கழுவுகிறவர் என்று அடுத்தவர் பொருளில் கைவைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் நான் சொல்லப்போவதில் பாதியாவது நடந்திருக்கும். மீதியையும் கேளுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

நான் படித்தது தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய்ப் பள்ளியிலும். அரை ஆயுளை ஆஸ்திரேலியாவில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டும் கடையில் கழித்தேன். மலேசியாவுக்குத் திரும்பி வந்து, கிள்ளானில் பழைய நண்பன் சேகரின் பட்டறையில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டேன். பிரேக், ஆயில் எல்லாம் அவன். எஞ்சின் கட்டுவது நான். புதிதாக வந்தவனுக்கு இந்த ஊரில் முதல் எஞ்சின்தான் பெயர். அது ஓடினால் அடுத்தது வரும். புகைந்தால் மறுபடி விமானம்தான்.

திறந்த பாவம்

முதல் எஞ்சின் தேவராஜ் அண்ணனுடையது. சுபாங் ஜெயாவில் கிரேன் வாடகைக்கு விடுகிறவர். கார், டர்போ வைத்த சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். மகள் பிறந்த வருடம் வாங்கியது. இப்போது மகளுக்குக் கல்யாணம். தாலி ஏறியதும் மாப்பிள்ளை ஓட்ட, பெண் பக்கத்தில் உட்கார்ந்து, மண்டபத்திலிருந்து அந்தக் காரில்தான் கிளம்ப வேண்டும். "கொஞ்சம் ஆயில் குடிக்குது தம்பி. பிஸ்டன் ரிங் மட்டும் மாத்துங்க, அப்படியே பவரையும் ஏத்திடுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

திறந்தேன். ஒரு பிஸ்டன் விளிம்போடு விண்டிருந்தது. அது உரசி உரசி சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் எந்தக் காலத்திலோ எவனோ பற்பசை மாதிரிப் பிதுக்கிய சிலிக்கோன் பசை. அண்ணனைக் கூப்பிட்டு, உடைந்த பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வர்றப்ப ஓடிக்கிட்டுதானே வந்துச்சு? நீங்க திறந்ததாலதான் உடைஞ்சிருக்கு."

ரவாங் டீச்சரம்மா

சிலிண்டர்களைத் தாங்கும் அந்த பிளாக் இனி உதவாது. வேறு பிளாக் தேடி ரவாங் போனேன். ஜப்பானில் கழித்துப் போட்ட கார்களின் முன்பாதியை அப்படியே அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கியிருப்பார்கள்; ஹாஃப்கட் கடை என்று பெயர். கடைக்காரர் ஒரு சிவப்புக் காரின் மூக்கைத் தடவிக்கொடுத்து, "ஜப்பான்ல ஒரு டீச்சரம்மா ஓட்டுனது பாஸ். ஸ்கூல், வீடு, ஸ்கூல், வீடு. அவ்வளவுதான்" என்றார்.

டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் பாடம் நடத்தப் போன அந்த அம்மாளை மனதுக்குள் வணங்கிவிட்டு, நீளமான ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். உள்ளே துருப்பிடித்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை. "நான்தான் சொன்னேன்லா பாஸ், அதிகம் ஓடலேன்னு."

பெரிய டர்போ

நல்ல பிளாக் அதே கடையின் மூலையில், யாருமே புகழாத ஒரு குவியலுக்கு அடியில் கிடைத்தது. அதைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, சிலிண்டரைக் குடைந்து, வலுவான பிஸ்டன் போடத் தயாராக்கினேன். அடுத்து டர்போ. தேவராஜ் அண்ணன் தன் நண்பர் பாலாவோடு வந்தார். பாலா செலாயாங் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரி. அவர் வீட்டிலும் இதே வயதில் ஒரு டர்போ கார் மூடிக் கிடக்கிறது.

இருவரும் போனில் காட்டிய டர்போ, குழந்தை குளிக்கிற பேசின் அளவுக்கு இருந்தது. அதைப் போட்டால் கியர்பாக்ஸ் தாங்காது, ஹைவே நெரிசலில் அது முழிக்கவே முழிக்காது என்று சொல்லி, நடுத்தரமான ஒன்றுக்கு இறங்கிவர வைத்தேன். அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. பாலாவுக்கு மட்டும் என் பேச்சில் ஏதோ பிடித்திருக்க வேண்டும். போகும்போது தோளில் தட்டினார். "தேவா காரு புகையாம மண்டபத்த விட்டுக் கிளம்பட்டும். அடுத்தது என் காருதான், உறுதி."

சொன்ன சொல்

புது எஞ்சின் என்பது பிறந்த குழந்தை இல்லை, பொத்திப் பொத்தி வைப்பதற்கு. பிஸ்டனைச் சுற்றி மாட்டிய புது ரிங், சிலிண்டர் சுவரோடு உரசிப் பழக வேண்டும். அதற்கு அழுத்தம் வேண்டும். அதனால் ஸ்டார்ட் பண்ணியதும் ரோட்டில் ஏற்றி, அளவான பாரத்தில் ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே சும்மா உறும விட்டால் சுவரில் ஆயில் கருகிப் படிந்து கண்ணாடி மாதிரி வழுக்கிவிடும். பிறகு ரிங் ஜென்மத்துக்கும் பிடிக்காது. இதைத் தேவராஜ் அண்ணனிடம் தமிழில் சொன்னேன். சந்தேகத்துக்கு மலாயிலும் சொன்னேன். முதல் ஓட்டம் நான்தான் ஓட்டுவேன் என்றும் சொன்னேன்.

கோயிலில் சமஸ்கிருத மந்திரம் கேட்கிற முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் சிரித்தார். "தம்பி, நான் கிரேன் வச்சிருக்கிறவன். எனக்கே எஞ்சின் சொல்லித் தரீங்களா?"

காலியான இடம்

முதல் ஓட்டத்துக்குக் குறித்த காலையில் பட்டறைக்குப் போனால், கார் நின்ற இடத்தில் சேகர் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். கார் எங்கே என்றேன். கோயிலுக்கு என்றான். குழாயை மூடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "நல்ல நேரம் போயிடும்னு தேவா அண்ணே அவசரப்பட்டாரு மச்சான். உனக்குப் போன் பண்ணா நீ ஒத்துக்க மாட்டே. அதான் பண்ணல."

சாமி முன்னால்

கோயில் வாசலில் வாகன பூஜைக்கு வரிசை. முன்னால் ஒரு லோரி, ஒரு பள்ளி வேன், கோழி ஏற்றுகிற வண்டி ஒன்று. நான்காவதாக என் எஞ்சின். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம், சக்கரத்துக்கு முன்னால் நசுங்கக் காத்திருக்கும் எலுமிச்சம்பழங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாக என்றேன். "வந்ததிலேருந்து" என்றார் அண்ணன், பெருமையாக.

உங்களில் எத்தனை பேர் உங்கள் கைவேலை கண்ணெதிரே கெட்டுப்போவதை, கையைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் நின்று பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. மாதக்கணக்கில் கட்டியது, ஊதுபத்தி வாசனையில், நிமிடத்துக்கு நிமிடம் வழுக்கிக்கொண்டிருந்தது. தாங்காமல் ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியைத் தொட்டேன். அண்ணனின் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சாமி முன்னால நிறுத்தாதீங்க தம்பி. கல்யாணக் காரு. பழம் நசுங்குற வரைக்கும் நிக்கக் கூடாது, அபசகுனம்."

வெயிலுக்கு ஆகாத படிப்பு

அந்த வாரமே நீலப் புகை. காரை இழுத்து வந்து திறந்தேன். சிலிண்டர் சுவரில் என் முகம் தெரிந்தது. ரிங் பழகுவதற்காகக் கீறிவிட்ட கோடுகள் எல்லாம் ஆயில் படிவத்துக்கு அடியில். அண்ணனைக் கூப்பிட்டு, டார்ச் அடித்துக் காட்டினேன். "பளபளன்னுதானே இருக்கு?" என்றார்.

கோயிலில் நடந்ததை விளக்கினேன். சாமி மேல் பழி போடுவதாகக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். புகை பற்றிய செய்தி புகையை விட வேகமாகப் போனது. செலாயாங் பாலா போனை எடுப்பதை நிறுத்தினார். சேகர், "விட்றா மச்சான்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். சாவி கொடுத்த கைதான் டீயும் கொடுத்தது. விமான டிக்கெட் விலையை ஒருநாள் பார்த்தும் வைத்தேன். இத்தனைக்கும் மேலே, அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் என் காதுக்கே திரும்பி வந்தது: "ஆஸ்திரேலியா குளிரு ஊரு. அந்தப் படிப்பு நம்ம வெயிலுக்கு ஆகாதுலா."

ஐயர் சொன்னது

ஆனாலும் கார் என் பட்டறையில்தான் நின்றது. வேறு எவனும் அதைத் தொடவில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரை மறுபடி கீறி, புது ரிங் போட்டேன். ஆனால் ஸ்டார்ட் பண்ணவில்லை. எனக்கும் கொஞ்சம் உலகம் புரிந்திருந்தது. அதே கோயில் ஐயரைப் பட்டறைக்கே அழைத்துவந்தேன். எஞ்சின் இன்னும் காரில் ஏறாமல் ஸ்டாண்டில் இருக்கும்போதே பூஜை. தேவராஜ் அண்ணன் குடும்பத்தோடு வந்து, என்னோடு பேசாமல் கும்பிட்டுப் போனார். எலுமிச்சம்பழத்தைத் தள்ளு ஜாக்கியின் சக்கரத்தில் நசுக்கினோம்.

ஐயரைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வழியில், மனதில் இருந்ததைக் கேட்டேன்: "சாமி, வாகன பூஜையில எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்னு எதுல இருக்கு?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுலயும் இல்ல. புகை கண்ணைக் கரிக்குது, நிறுத்துங்கன்னு அன்னிக்கு நானே ரெண்டு தடவ சொன்னேன். அந்தம்மாதான் கேக்கல."

மண்டபத்து வாசல்

எஞ்சினைக் காரில் ஏற்றியதும், ஒருவரிடமும் சொல்லாமல் நானே ரவாங் வரை ஓட்டிப் போய், ஏற்றத்தில் அழுத்தி, இறக்கத்தில் விட்டு, ரிங்கைப் பழக்கிக் கொண்டுவந்தேன். கல்யாணத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டப வாசலில், மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். ஒரே பிடியில் பிடித்தது. பெண் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், அப்பாவைப் பார்த்துக் கண் கலங்கினாள். வண்டி தெருமுனை திரும்பும் வரை அதன் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இழை புகை இல்லை.

எனக்கு நாலடி தள்ளி தேவராஜ் அண்ணனும் பாலாவும். பாலாவின் கண்ணில் பழைய ஆசை மறுபடி மின்னியது. "என்னா சுத்தமா போவுது தேவா! யாரு செஞ்சது?" அண்ணன் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டேன். அவர் போனை எடுத்தார். "முத பூஜையில ஏதோ குறை இருந்துச்சுப்பா. ரெண்டாவது பூஜை போட்டதும் பாரு, எப்படி ஓடுது! ஐயர் நம்பர் அனுப்புறேன், நீயும் பேசிக்க."

எஞ்சின் புகைந்தால் அது மெக்கானிக்கின் கைராசி, ஓடினால் எலுமிச்சம்பழத்தின் புண்ணியம் என்று தெரிந்தும், அடுத்த நாள் காலையில் அதே கையைக் கழுவிக்கொண்டு பட்டறையைத் திறப்பதற்குத்தான் இந்த ஊரில் எஞ்சின் கட்டுவது என்று பெயர்.